கேட்டுக்கும் படிக்கும் நடுவே

மூன்று தடவை ரோடு போட்டார்கள் எங்கள் தெருவில்,
சுரண்டாமல், பழையதன் மேலேயே.
ஒவ்வொரு தேர்தலுக்கும்
சாயிநாதபுரத்தில் எங்கள் வீடு
ஒரு சாண் இறங்கியது.

கார் நிறுத்த இவர் போட்ட சிமெண்ட் தரை
இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
தெருதான் ஏறிக்கொண்டு
தண்ணீரை உள்ளே அனுப்புகிறது.
போன ஐப்பசியில் மழையும் சாக்கடையும் சேர்ந்து வந்து
கட்டிலடி அரிசி மூட்டையைத் தொட்டுப் பார்த்தன.

உடைத்துவிடலாம் என்றேன்.
"நாப்பது மூட்டை சிமெண்டுடி" என்றார்,
நாற்பதையும் வயிற்றில் சுமந்தவர் மாதிரி.

கார் வரவேயில்லை.
ஒரு எம்.எயிட்டி வந்து பதினாறு வருஷம் நின்று
எண்ணெய்க் கறுப்பில் ஒரு வட்டம் விட்டுப் போனது.
அப்புறம் மாடிக்கு வாடகைக்கு வந்தவர்களின் வீல்சேர்கள்:
சில்சார், அகர்தலா, மால்டா.
எந்த ஊர் சக்கரமும் ஒரே கோட்டில்தான் உருண்டது,
கேட்டிலிருந்து ஆட்டோவுக்கு.

சித்திரை ஒன்பதாம் தேதி
அரியூர் ஏகாம்பரம் மிஷினோடு வந்தான்.
நாள் வாடகை இரண்டாயிரத்து ஐநூறு, கரண்ட் நம்முடையது.
இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின.
பதினோரு மணிக்கு ஃப்யூஸ் போனது.
வெயில் மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

மாடியிலிருந்து பிமல் இறங்கி வந்தான்.
மால்டாக்காரன். மனைவிக்கு வைத்தியம்.
ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை;
அன்று செவ்வாய்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் ஆறு வார்த்தை:
தண்ணி, எவ்ளோ, டாக்டர், வலி, நாளைக்கு, போதும்.

கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.
நடுவில் அடிக்கவில்லை.
ஓரத்தில் ஒரு விரிசலைத் தேடி நுனியைச் செருகி,
கீழே கருங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து
உடம்பைச் சாய்த்தான்.
அடை புரள்வது போலப் புரண்டது தரை.

அடியில் மணல்.
பாலாற்று மணல், அரையடிக்கு,
நத்தை ஓடுகளோடு, ஈரம் கூடப் போகாமல்.
ஏகாம்பரம் உட்கார்ந்தே விட்டான்.
"அக்கா, கூலி வேணாம், கல்லையும் நானே அள்ளிக்கிறேன்.
இத்த மட்டும் குடுத்துடு."
அப்போதுதான் கதவு திறந்தது.
"தொள்ளாயிரம் ரூபா லாரி லோடு! ஒரு கைப்பிடி தர மாட்டேன்!"
அரை மணி நேரம் கத்தி
பாதி பாதி என்று முடித்தார்கள்.

பிமல் மணலுக்கும் கீழே தோண்டியிருந்தான்.
கிணற்றோர வேம்பின் வேர்
நாடா போலத் தட்டையாகி
இருட்டில் பன்னிரண்டடி வந்திருந்தது.
விரலால் தடவி "தண்ணி" என்றான்.
பிறகு என்னைப் பார்த்து, "எவ்ளோ?"
வேரின் நீளத்தைக் கேட்டானா,
அது காத்திருந்த வருஷத்தைக் கேட்டானா,
இருபத்தாறு என்று சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போனவர்கள்
நாலு மணிக்குத் திரும்பினார்கள்.
உளுந்து களைந்துகொண்டிருந்தேன்.
கேட்கவில்லை.
அவள் சுவரைப் பிடித்துப் படியேறினாள்.
அவன் அவளை மேலே விட்டுவிட்டு வந்து
கடப்பாரையை எடுத்தான்.

கேட்டோரம் நாலடி பாக்கியிருந்தது.
அதை நாளை ஏகாம்பரம் வந்து உடைப்பதாக இருந்தது.
இருட்டும்வரை உடைத்தான்.
இருட்டிய பிறகு
இவர் போய் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்,
ஒரு வார்த்தை பேசாமல்,
தன் நாற்பது மூட்டையின் மேல் வெளிச்சம் அடித்தபடி.

"போதும் பிமல்" என்றேன்.
தெரிந்த வார்த்தைதான்.
நிமிர்ந்து பார்த்தான்.
"நாளைக்கு" என்றான்,
மறுபடியும் ஓங்கினான்.

ஞாயிறு ராத்திரி கோடைமழை.
தெருத் தண்ணீர் வழக்கம்போல உள்ளே வந்தது,
வாசல் குழியில் நின்றது, குமிழி விட்டது,
முதல் படிக்குக் கீழே ஒரு விரற்கடையில்
யோசித்துவிட்டு இறங்கிப் போனது.

காலையில் செருப்பெல்லாம் சேறு.
எண்ணெய் வட்டம் இருந்த துண்டை மட்டும்
யாருக்கும் தெரியாமல்
காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்.
நானும் பார்க்காத மாதிரி
அதன் மேல் மாப்பைக் காயப்போடுகிறேன்.